பெண் பார்க்கும் நாளில் மயிர்க்கால் டாக்டர்

ஹட்டனுக்கும் மஸ்கெலியாவுக்கும் நடுவே வாழும் எந்த உயிரானாலும் சரி, இரண்டு காலோ நான்கு காலோ, தலையில் முடி என்று ஒன்று இருந்தால் அதை ஒரு தடவையாவது மயிர்க்கால் டாக்டர் விலக்கிப் பார்த்திருப்பார். நான் கொஞ்சமும் கூட்டிச் சொல்லவில்லை. துரை பங்களா நாய், கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கடா, பஸ் கண்டக்டர், பக்கத்து லயத்து வீட்டுப் பாப்பா, மணவறையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த ஒரு மாப்பிள்ளை என்று ஒருவரும் அவர் கையிலிருந்து தப்பவில்லை. அந்த மாப்பிள்ளை வெட்கத்தில் குனிந்திருந்தார். இவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

உண்மையில் அவர் டாக்டரே இல்லை. தோட்டம் தோட்டமாகப் போய்ப் பசுக்களுக்குச் சினை ஊசி போடுவது அவர் உத்தியோகம். மோட்டார் சைக்கிளின் பின்னால் சினை ஊசி மருந்தோடு குளிர்ப்புகை விடும் ஒரு குடுவை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தோள் வரை நீளும் பிளாஸ்டிக் கையுறை, சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடி. இதுதான் அவர் கோலம். வாலிப வயதில் எங்கோ ஒரு செம்மறியாட்டுப் பண்ணையில் இருந்தாராம். ஆட்டின் கம்பளியை விலக்கி, ஒரு விரல் அகலத் தோலில் எத்தனை மயிர்க்கால் இருக்கிறது என்று எண்ணுவது அங்கே அவருக்கு வேலை. பண்ணையை மூடிவிட்டார்கள். ஆடுகள் போய்விட்டன, பழக்கம் போகவில்லை. ஆடு கிடைக்காத குறைக்கு எங்கள் தலைகளைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் பக்கம் 'மயிர்' என்ற சொல் கோபம் வந்தால்தான் வாயில் வரும். டாக்டருக்கு அன்பு வந்தாலும் வரும். ஒருநாள் தேயிலை பெக்டரி ஐயாவின் மனைவியைப் பார்த்து, ரோட்டில் நாலு பேர் நிற்கும்போது, "ஒங்க மயிரு ரொம்ப நல்ல வர்க்கம்மா, ஒங்க ஆத்தா வழியா?" என்று மனமாரப் பாராட்டினார். ஐயா குடையை மடக்கிக்கொண்டு ஓடி வந்தார். இவர் ஓடவில்லை. ஐயாவின் தலையையும் ஒரு நோட்டம் விட்டு, "ஐயாவுக்கு அவ்வளவு சொல்லிக்கிற மாதிரி இல்ல" என்றார். அதற்குப் பிறகுதான் ஓடினார்.

அவருடைய சித்தாந்தத்தை எங்கள் தோட்டத்தில் சின்னப் பிள்ளையும் ஒப்பிக்கும். அவ்வளவு தடவை சொல்லியிருக்கிறார்.

"புள்ள வயித்துக்குள்ள இருக்கையிலயே தோலு கணக்குப் போட்டுக் குழி வெட்டிரும். நம்ம மலையில தேயிலைக் கன்னு நட குழி வெட்டுறோம்ல, அதே மாதிரி. ஒரு குழி விழுந்துச்சுன்னா அது பக்கத்துல நெருக்கி இன்னொண்ண விழ விடாது. எடவெளி விட்டுத்தான் விழும். எங்க வெட்டணும், எத்தன வெட்டணும், எந்தப் பக்கம் சாய்ச்சு வெட்டணும், எல்லாம் அப்பன் ஆத்தா குடுத்த ரத்தத்துல இருக்கு. பொறந்ததுக்கு அப்புறம் புதுசா ஒரு குழி விழாது. என்னா எண்ணெய் தேய்ச்சாலும் விழாது."

கம்பளி ஆட்டுக்கு மட்டும் தனிச் சலுகை. "பெரிய குழி விழுந்த பொறவு, இடைக்கன்னு போட்ட மாதிரி நடுவுல நடுவுல சின்னக் குழியா விழும். அதுல மொளைக்கிறதுதான் கம்பளி. நம்மூரு ஆட்டுக்கு அந்த இடைக்கன்னு கம்மி. அதான் வழவழன்னு இருக்கு." இதைச் சொல்லும்போது எங்களுக்கும் கம்பளி இல்லாமல் போனதே என்ற வருத்தம் அவர் முகத்தில் தெரியும்.

இந்த வருத்தத்தைப் போக்க அவர் செய்த ஒரு காரியத்தை மஸ்கெலியாவில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் முதலாளியைப் பிடித்து, "இந்தக் குளிருக்குக் கம்பளி ஆடுதான் தங்கம்" என்று மூளைச்சலவை செய்து, எங்கிருந்தோ ஒரு கம்பளிக் கடாவைக் கொண்டுவந்து நம்மூர்ப் பெட்டைச் செம்மறிகளோடு சேர்த்தார். கடா வந்த வேளை மழை பிடித்துக்கொண்டது. கம்பளி தண்ணீரைக் குடித்துக் குடித்து, கடாவால் எழுந்து நிற்க முடியவில்லை. நானா அதைக் கடைக்குள் தூக்கிக்கொண்டு போய் அடுப்பருகே காய வைத்தார். குட்டிகள் பிறந்தன. முதுகில் கொஞ்சம் கம்பளி, வயிற்றில் கொஞ்சம் முடி, நடுவில் இரண்டும் இல்லாத ஏதோ ஒன்று.

"இது எனத்த டாக்டர், ஆடா, பழைய கோட்டா?" என்று கேட்டார் நானா.

"அவசரப்படாதீங்க நானா. இதுக போடுற குட்டியப் பாருங்க."

அந்தக் குட்டிகளும் வந்தன. ஒன்று முழுக் கம்பளி. ஒன்று மழித்துவிட்டது போல வழவழப்பு. இன்னொன்றுக்குப் பின்பக்கம் மட்டும் கம்பளி, காற்சட்டை போட்ட மாதிரி. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா நானா! ஒளிஞ்சு கெடந்ததெல்லாம் தனித்தனியா வெளிய வந்திருச்சு! புஸ்தகத்துல சொன்னது அப்படியே நடக்குது!" என்று கடை வாசலில் குதித்தார். புத்தகத்தில் வியாபாரத்தைப் பற்றி ஏதும் சொல்லியிருக்கிறதா என்று நானா கேட்டார். அதன் பிறகு கொஞ்ச காலம் டாக்டர் மஸ்கெலியா பசுக்களை மத்தியான நேரத்தில், நானா சாப்பிடப் போகும் வேளை பார்த்துத்தான் கவனித்தார்.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நடந்தது எனக்கு நேரிலேயே தெரியும். இடுப்பு வரை முடி வளர்த்த ஒருவன் மைக் பிடித்து மூலிகை எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தான். டாக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், "தம்பி, மூடுன குழியில எண்ணெய் ஊத்துனா எண்ணெய்தான் நிக்கும், மயிரு மொளைக்காது" என்று பிரசங்கத்தைத் தொடங்கினார். சத்தம் கேட்டுப் பொலிஸ்காரர் ஒருவர் வந்து, "மொகத மாத்தயா ப்ரஷ்னய?" என்று பிரச்சினை என்னவென்று கேட்டார். டாக்டர் சிங்களத்திலும் சரளம். கருவில் தோல் குழி வெட்டுவதிலிருந்து ஆரம்பித்து விளக்கினார். கொஞ்ச நேரத்தில் பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தன் உச்சந்தலையைக் காட்டி, இதற்கு ஏதும் வழி உண்டா என்று கேட்டார். எண்ணெய்க்காரன் கெட்டிக்காரன். "பாருங்க மக்களே, பெரிய டாக்டரே நம்ம எண்ணெய ஆராய்ச்சி பண்ண வந்திருக்காரு!" என்று மைக்கில் போட்டான். அன்று போத்தல் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இப்படிப்பட்ட மனிதர் என் கல்யாணப் பேச்சுக்குள் வந்து விழுந்தால் எப்படி இருக்கும்?

நான் அப்போது ஹட்டனில் ஒரு மருந்துக்கடையில் வேலை. எதிரே போன் திருத்தும் கடையில் சிவா. இல்லாத தலைவலிக்கு வாரம் தவறாமல் மாத்திரை வாங்க வருவார். எனக்கும் அவருக்கும் மனசு ஒத்துப்போயிற்று. ஆனால் அவருக்கு அப்பா இல்லை. தலவாக்கலையில் தையல் கடை நடத்தி ஒற்றை ஆளாய் அவரை வளர்த்தவர் அவர் அம்மா. "அம்மா வேணாம்னுட்டா என்னால மீற முடியாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் அம்மா முகம் கோணி நான் அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன் என்று நானும் சொல்லிவிட்டேன். ஆக, என் வாழ்க்கை அந்த அம்மாவின் ஒரு 'சரி'யில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர்கள் பெண் பார்க்க வருகிற நாளாகப் பார்த்து எங்கள் பசு விடிந்ததிலிருந்து கத்த ஆரம்பித்தது. பருவத்துக்கு வந்துவிட்டது.

"இன்னைக்கு விட்டா அடுத்த பருவம் வரைக்கும் காத்துக் கெடக்கணும். டாக்டருக்குப் போன் போடுறேன்" என்றார் அப்பா.

"பொண்ணு பாக்க வர்ற அன்னைக்கா? ஒங்களுக்கு மூளை இருக்கா?" அம்மா பலகாரத் தட்டை ணங்கென்று வைத்தாள்.

"மாட்டுக்கு நம்ம நல்ல நாள் தெரியுமா? அவரு வந்து வேலைய முடிச்சிட்டு இவங்க வர்றதுக்கு முன்னாடியே போயிருவாரு."

டாக்டர் என்றைக்கு நேரத்துக்கு வந்திருக்கிறார், அன்றைக்கு வர?

சிவாவும் அவர் அம்மாவும் தாய்மாமனும் வந்தார்கள். தாய்மாமன் கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டு, பலகாரத்தைத் தவிர வேறெதிலும் தலையிடாமல் உட்கார்ந்திருந்தார். சிவாவின் அம்மா பட்டுச்சேலையில் பளிச்சென்று இருந்தார். இடுப்புக்குக் கீழே தொங்கும் தடித்த பின்னல், அதில் ஒரு முழப் பூ. என்னிடம் நல்லபடியாகத்தான் பேசினார். என் முடியைக்கூடத் தொட்டுப் பார்த்து, "நல்லா இருக்குத் தாயி" என்றார். எல்லாம் கூடி வருகிற மாதிரித்தான் இருந்தது.

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தாள். தலையில் எப்போதும் முந்தானை இருக்கும். குனிந்து கோப்பையைக் கொடுக்கும்போது அது நழுவிவிட்டது. உச்சியின் குறுக்கே, காதுக்குக் காது, ஒரு பட்டைக்கு அம்மாவுக்கு முடி இல்லை. தோல் மினுமினுவென்று இருக்கும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான்.

சிவாவின் அம்மா கோப்பையை வாங்கவில்லை.

"ஒங்களுக்கு எப்ப இருந்து இப்புடி?" என்று கேட்டார்.

"ரொம்ப காலமாங்க" என்றாள் அம்மா, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு.

"தப்பா நெனைக்காதீங்க. இது பரம்பரை வழுக்கையா இருந்தா ஒங்க மகளுக்கும் நாளைக்கு வரும், எங்க பேத்திக்கும் வரும். பொம்பளப் புள்ளைக்கு வழுக்கைன்னா யாரு கட்டுவா? நாங்க வீட்டுக்குப் போயி யோசிச்சுச் சொல்றோம்."

யோசித்துச் சொல்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் லயத்து அறையான அந்தக் காம்பராவில் எல்லாருக்கும் தெரியும். சிவா "அம்மா..." என்று இழுத்தார். அப்பா முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அவமானத்தைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. என் அம்மா அந்த வயதில், தன் வீட்டுக்குள்ளேயே, குற்றவாளி மாதிரி தலையைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் வாசலில் தோள் வரை கையுறையோடு ஒரு உருவம். "மாடு எங்க?"

"யாருங்க இது?" என்று அரண்டுபோனார் சிவாவின் அம்மா.

"மாட்டு டாக்டருங்க" என்று அப்பா கையைப் பிசைந்தார். "டாக்டரே, மாடு பின்னால இருக்கு, நீங்க அந்தப் பக்கமா..."

"அது இருக்கட்டும். இங்க யாரோ பரம்பரை வழுக்கைன்னு சொன்னது காதுல விழுந்துச்சே. யாரு சொன்னது?"

போச்சு, மானம் கப்பலேறியது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். டாக்டர் உள்ளே வந்து ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் கண் நேரே தாய்மாமனின் தொப்பியில் போய் நின்றது.

"ஐயா, தொப்பியக் கழட்டுங்க."

"குளுருதுங்க" என்றார் மாமன், வாயில் முறுக்கோடு.

"ஒரு நிமிசம்தான்." அவரே கழற்றிவிட்டார். காம்பராவுக்குள் வெளிச்சம் கூடியது. "ஆகா, இதுதாங்க பரம்பரை! நல்ல அசல் பரம்பரை. இதுல பெரும்பங்கு ஆத்தா வழியா வரும். தம்பி, மாப்பிள்ள, நீங்க கொஞ்சம் குனிங்க. ம்... நெத்தி ரெண்டு பக்கமும் மேல ஏற ஆரம்பிச்சிருச்சு. மாமா மாதிரியே ஆகும்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா தொப்பி ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க."

சிவா நெற்றியைத் தடவிக்கொண்டார். "நான் சும்மாதானய்யா உக்காந்திருந்தேன்" என்று மாமன் முனகினார். அந்த ஆத்திரத்திலும் எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"அது ஆம்பளைக்கு வர்றது!" சிவாவின் அம்மா எழுந்தேவிட்டார். "பொம்பளைக்கு வந்திருக்கே, அதுக்கு என்னா சொல்றீங்க?"

டாக்டர் என் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வெளியே போனார். பைப்படியில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுகிற சத்தம் கேட்டது. பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு திரும்பி வந்து, அம்மாவுக்கு எதிரே நின்றார்.

"அக்கா, ஒங்க தலைய நான் பாக்கலாமா?"

இந்த மனிதர் இதற்கு முன் யாரிடமும் அனுமதி கேட்டதாகச் சரித்திரமே இல்லை. அம்மா அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மெதுவாக முந்தானையை இறக்கினாள்.

டாக்டர் பூதக்கண்ணாடியை எடுக்கவேயில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "நீங்க கொழுந்து பறிக்கத் தூக்கிட்டுப் போற கூடை எங்கக்கா?" என்றார். அப்பா கதவுக்குப் பின்னாலிருந்து கூடையை எடுத்து வந்தார். முதுகில் கூடை தொங்க, அதன் கயிறு உச்சந்தலையில்தான் மாட்டியிருக்கும். நனைந்த தேயிலைக் கொழுந்தின் பாரம் முழுவதும் அந்தக் கயிற்றில், அந்தக் கயிறு தலையில். டாக்டர் கயிற்றை எடுத்து அம்மாவின் தலையில் மெதுவாக வைத்தார். அந்தப் பட்டையில் கயிறு அச்சாக உட்கார்ந்தது. இந்தப் பக்கம் ஒரு நூல் தள்ளவில்லை, அந்தப் பக்கம் ஒரு நூல் தள்ளவில்லை.

"பாத்துக்கங்கம்மா" என்றார் டாக்டர். "கயிறு ரத்தத்துல வராது. கடையிலருந்து வரும்."

பசுகூடக் கத்துவதை நிறுத்தியிருந்தது.

"அக்காவுக்குக் குழி எல்லாம் ஒழுங்காத்தான் வெட்டியிருந்துச்சு. பின்னால பாருங்க, காதோரம் பாருங்க, ஒரு கொறையும் இல்ல. கயிறு விழுந்த எடத்துல மட்டும் இழுத்து இழுத்துக் குழி மூடிப்போச்சு. இது மகளுக்கு வரணும்னா மகளும் கூடை தூக்கணும். பேத்திக்கு வரணும்னா பேத்தியும் தூக்கணும்."

அப்போது ஒன்று நடந்தது. சிவாவின் அம்மாவின் கை, அவருக்கே தெரியாமல், மேலே போய்த் தன் உச்சந்தலையைத் தொட்டது. பூவுக்குச் சற்று முன்னால், அதே இடத்தில். நான் பார்த்தேன். சிவா பார்த்தார். டாக்டர் எல்லாருக்கும் முன்னே பார்த்துவிட்டார். அவருடைய விரல்கள் பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போயின. ஐயையோ, அடுத்து அந்தப் பின்னலைத்தான் விலக்கப் போகிறார் என்று பயந்தேன். அவர் வெறுங்கையைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு, "மாடு காத்துக்கிட்டு இருக்கும்" என்று யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

சிவாவின் அம்மா மறுபடி உட்கார்ந்தார். பிறகு பூவை எடுத்தார். ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அந்தத் தடித்த பின்னலில் பாதி சவரி முடி. அது தனியாகக் கழன்று மடியில் விழுந்தது. அடியில், அம்மாவுக்கு இருந்த அதே பட்டை.

"நோர்வூட் பக்கம் நானும் கூடை தூக்குனவதான்" என்றார் தரையைப் பார்த்து. "இவன் அப்பா போன பொறகு தையல் படிச்சு டவுனுக்கு வந்தோம். வந்த அன்னையிலருந்து யாருக்கும் காட்டல. எம் மகனுக்குக்கூடத் தெரியாது." அவருக்கு அழுகை வந்துவிட்டது. "ஒங்களப் பாத்ததும் எனக்கு என்னையப் பாத்த மாதிரி ஆயிருச்சு. அதான் அப்புடிப் பேசிட்டேன்."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தத் தலையை உற்றுப் பார்த்து, "என்னாங்க இது, ஒங்களுக்கு இவ்வளவு முன்னால இருக்கு? கயித்த ரொம்ப முன்னுக்குப் போட்டிருக்கீங்க, கழுத்து வலிச்சிருக்குமே" என்றாள்.

"வலிக்காம? கண்டாக்கு ஐயா மேல நின்னு வெரட்டுற வெரட்டுல எங்க போடுறோம்னு யாரு பாத்தா?"

இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். எந்த மலை ஏற்றம், எந்த மலையில் அட்டை அதிகம், மழை நாளில் சாக்கை மடித்துக் கயிற்றுக்கு அடியில் வைத்தும் எப்படி இழுத்தது என்று பேசிக்கொண்டே போனார்கள். கல்யாணப் பெண் என்று ஒருத்தி நிற்பதை இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள். "தொப்பியப் போட்டுக்கலாமா?" என்று மாமன் கேட்டதற்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

டாக்டர் வேலை முடித்துத் திரும்பியபோது அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தாள்.

"இனிமே இதுல மொளைக்குமா தம்பி?" என்று மெல்லக் கேட்டாள்.

பொய்க்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா மனிதர்! "மொளைக்காதுக்கா" என்றார்.

"சும்மா கேட்டு வச்சேன்" என்றாள் அம்மா.

ஆடு போய்ப் பசுவாகிப் பசு போய் மனிதர் தலையாகி, ஒருவழியாக என் கல்யாணம் நிச்சயமாயிற்று. முகூர்த்தம் நெருங்கும்போது ஒரு சிக்கல் வந்தது. பெண்ணுக்குத் தாய்மாமன் வந்து மாலை போட்டு மணவறைக்குக் கூட்டிப்போக வேண்டும். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் யாரும் இல்லை. சொந்தத்தில் தூரத்து ஆட்களைத் தேடலாம் என்றார் அப்பா. அம்மா கேட்கவில்லை. டாக்டர் வந்தபோது நேராகவே சொல்லிவிட்டாள்.

"தம்பி, நீங்கதான் வந்து மாலை போடணும்."

டாக்டர் ஆடிப்போனார். "நான் எப்படிக்கா? நமக்குள்ள ரத்த சம்பந்தம் ஏதும் இல்லையே." பாவம், வாழ்நாள் முழுவதும் ரத்தத்தையே கணக்குப் பார்த்தவர்.

"அக்கான்னு கூப்பிட்டுத்தானே தலையத் தொட்டீங்க? அது போதும்."

கல்யாணத்தன்று இரவல் வேட்டி இடுப்பில் நிற்காமல், ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் எனக்கு மாலை போட்டார். பக்கத்தில் அம்மா முந்தானையைத் தலையில் போடாமல் நின்றாள். ஊர் முழுக்க அவரைக் கிறுக்கு என்று சொல்லிக்கொள்ளட்டும், சிரித்துக்கொள்ளட்டும், நானும் இவ்வளவு நேரம் சிரித்துத்தானே எழுதினேன். எங்கள் வீட்டு வாசலில் அவர் மோட்டார் சைக்கிள் வந்து நின்றால் மட்டும், நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து ஓடி, "மாமா, உள்ள வாங்க" என்றுதான் கூப்பிடுவேன்.